பங்குனிக்குள்

கூத்தாநல்லூருக்கு மாற்றலாகி வந்த மறுவாரமே
குழி தோண்டினேன்.
தபாலாபீசில் ஒரு ஊருக்கு நாலு வருஷம்,
அஞ்சாவது கோடையில் வேறு ஊர்.
கணக்குப் போட்டுத்தான் நர்சரிக்காரரிடம் கேட்டேன்,
சீக்கிரம் காய்ப்பது எது, சீக்கிரம் பழுப்பது எது?
"அவசரம்னா செந்தூரா" என்றார்.
அவசரம்தான்.

வாடகை வீடு. சொந்தக்காரர் நஜ்முதீன் புருனேயில்.
"தாராளமா வைங்க, வீட்டுக்கு நெழலாச்சு" என்று
குரல் அனுப்பினார்.
அவர் குரலுக்குப் பின்னால் அங்கே மழை.

இந்த மண் மண்வெட்டியைப் பிடித்தால் விடாது.
பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தால்
கேட்காமலே ஆறு வந்து
குழியில் உட்கார்ந்திருக்கிறது.
மதிலுக்கு மேல் முகத்தை வைத்து ஜொகரா சொன்னாள்:
"பள்ளத்துல வச்சா கார்த்திகையில அழுகிடும்,
மேட்டுல வைங்க."
மாடி கட்டி மிஞ்சிய மணல் பத்துச் சட்டி தந்தாள்.
எரு, உமிச்சாம்பல், வாங்கிய செம்மண்.
மேட்டின் உச்சியில் ஒரு முழக் கன்று;
ஒட்டுப் போட்ட இடத்தில் முடிச்சு,
அடித்துத் திருத்திய கையெழுத்தைப் போல.

முடிச்சுக்குக் கீழே ஒரு தளிர் கிளம்பியது, கொழுகொழுவென்று.
அதுவும் மாதான், நான் வாங்கிய மா அல்ல.
எந்தக் கொட்டையோ, எந்த ஊர்ப் புளிப்போ.
வேர் தன்னுடையதைக் கேட்கிறது.
மாதம் ஒருமுறை கேட்டது.
மாதம் ஒருமுறை கிள்ளினேன்.

முதல் தையிலேயே பூத்தது, என் இடுப்புயரம் கூட இல்லாமல்.
"இப்பக் காய்க்க விட்டா மரம் உக்காந்துடும்,
கிள்ளிடுங்க" என்றார் அதே நர்சரிக்காரர்.
அவசரத்துக்கென்று வாங்கியவள் நான்.
அன்றெல்லாம் சேமிப்புப் புத்தகங்களில்,
தேதி முத்திரையின் கட்டையில்,
ஓய்வூதியக்காரர்கள் நீட்டிய கைகளில்
மாம்பூ வாசனை.
அடுத்த தையிலும்.

மூன்றாம் கார்த்திகையில்
தோட்டம் குளம். மேடு மட்டும் தெரிந்தது.
ஒரு சாரைப்பாம்பு ஒன்பது நாள் அதில் குடியிருந்தது.
காலையில் பால் காய்ச்சும்போது
ஜன்னல் வழியாக எண்ணிக்கொள்வேன்:
மரம் ஒன்று, பாம்பு ஒன்று.

மார்கழிப் பனியில் பூ.
தத்துப்பூச்சி ஒழுக்கிய தேனில் இலையெல்லாம் பிசுபிசுப்பு.
வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து
விடியுமுன் அடித்தேன், முக்காட்டோடு.
பூவில் போனது போக, பிஞ்சில் போனது போக
பதினொன்று.

ஊர் மரங்களில் எல்லாம் கோலிக்குண்டு தொங்குகையில்
இவை தோள் பருத்துச் சிவந்தன.
முந்திப் பழுத்தால்
ஊர் அணிலுக்கெல்லாம் ஒரே முகவரி.
பின்கோடு போட்ட மாதிரி வந்து சேர்ந்தன.
ஜொகரா பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தந்தாள்,
ஒவ்வொன்றையும் மூட்டையாகக் கட்டினோம்.
அப்படியும் நாலு அணிலுக்கு, ஒன்று வௌவாலுக்கு.

நோன்பு இருபத்து மூன்றில் பறித்தேன்.
காம்பை ஒரு விரலளவு விட்டு,
தலைகீழாய்ப் பால் வடியவிட்டு,
அரிசிப் பானைக்குள். நாலாம் நாள்
வீடு மணந்தது. பொறுக்கவில்லை.
பாங்கு சொன்னதும் பேரீச்சைக்குப் பிறகு
ஜொகரா ஒரு கீற்றைக் கடித்தாள்.
கண்ணை மூடினாள்.
"கொஞ்சம் புளிப்பு."
நானும் தின்றேன். புளிப்புதான்.
இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாம்.

"எனக்கொண்ணு அனுப்புங்களேன்,
நீங்க தபாலாபீஸ்தானே?" என்றது புருனே.
பழம் கடல் தாண்ட விதியில்லை என்று
எழுதி, அழித்து,
அவர் வீட்டு நிழலைப் படமெடுத்து அனுப்பினேன்.

மாற்றல் உத்தரவு சித்திரை பத்தில் வந்தது,
ஒரு வருஷம் முன்னாலேயே.
வேதாரண்யம். அங்கே மணல்.

சாமான் ஏற்றிய காலையில்
முடிச்சுக்குக் கீழே மறுபடி ஒரு தளிர்.
"இதைப் பாத்துக்கணும்" என்றேன்.
"தெரியும். மூணு வருஷமா மதில்லதானே நிக்கிறேன்."
விரல் அதுவரை போய்த் திரும்பியது.
இந்த மாதத்தை
அவளுக்கு விட்டுவைத்தேன்.